பதில் வராத கம்பியில் கோப்பு அனுப்புவது

காத்தான்குடியிலோ கல்லடியிலோ ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வருகிறது. "அறிவித்தல்… அறிவித்தல்… நாளை புதன்கிழமை காலை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் நாலு மணி வரை தண்ணீர் வராது." அடுப்படியில் மீன் பொரிக்கிறவருக்குச் சட்டிச் சத்தத்தில் 'நாலு மணி வரை தண்ணீர் வராது' என்ற வால் மட்டும்தான் காதில் விழுகிறது. எந்த நாள்? எத்தனை மணியிலிருந்து? ஓட்டோவை மறித்துக் கேட்க வழியில்லை, அது சந்தியைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் பதறமாட்டார். ஓட்டோ அடுத்த ஒழுங்கையால் சுற்றி வரும், அதையே திரும்பச் சொல்லும், விட்டுப்போன துண்டை அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

ஒருவழி வலையமைப்பில் கோப்பு அனுப்புகிற வேலையின் முக்கால்வாசி இந்த ஓட்டோவுக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் 'அறிவித்தல்' என்று சொல்லிக் காதைத் தீட்டவைப்பது, கேட்கிறவர் பிடிக்கும் வேகத்தில் மெதுவாகப் போவது, சொன்னதையே சொல்வது. மிச்சம் கால்வாசிதான் கணிதம்.

நாம் தினமும் பயன்படுத்தும் இணையத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாலும், இணையத்தளத்தைத் திறந்தாலும், பெரும்பாலும் கீழே ஓடுவது டிசிபி என்ற நெறிமுறை. அது ஒரு பைட் தரவை அனுப்பும் முன்னரே மூன்று சின்னப் பொதிகளை, அதாவது வலையமைப்பில் போகும் சிறு பொட்டலங்களை, பரிமாறிக்கொள்கிறது. 'கதைக்கலாமா' என்று ஒன்று போகும், 'ஓம், கதைக்கலாம், நான் சொல்வது கேட்கிறதா' என்று ஒன்று வரும், 'கேட்கிறது' என்று மூன்றாவது போகும். இதைத்தான் கைகுலுக்கல் என்கிறார்கள். அதற்குப் பிறகும் பேச்சு நிற்பதில்லை. பெறும் கணினி எதுவரை வந்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், தன்னிடம் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் சொல்லும். ஏதாவது தொலைந்தால் அனுப்பும் கணினி திரும்ப அனுப்பும், நெரிசல் என்று தெரிந்தால் வேகத்தைக் குறைக்கும்.

திரும்பி வரும் கம்பியை வெட்டிவிட்டால் இதில் ஒன்றுமே மிஞ்சாது. முதல் 'கதைக்கலாமா' என்பதற்குப் பதில் வராததால் டிசிபி அங்கேயே நின்றுவிடும். மின்னஞ்சல், தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், விண்டோஸ் பகிர்வுக் கோப்புறை எல்லாம் டிசிபியின் மேல்தான் ஓடுகின்றன, எல்லாம் படுத்துவிடும்.

வெட்டுவது எதற்கு?

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். நெல் அவிக்கும் கொதிகலனையும் உலர்த்தியையும் ஒரு கணினி கட்டுப்படுத்துகிறது. எத்தனை மூடை போனது, உலர்த்தியின் வெப்பநிலை என்ன, ஈரப்பதம் என்ன என்ற அறிக்கை ஒவ்வொரு மணித்தியாலமும் அலுவலகக் கணினிக்கு வேண்டும். அந்த அலுவலகக் கணினியில் இணையம் இருக்கிறது. யாரோ ஓர் இணைப்பைத் தெரியாமல் திறந்து அது வைரஸ் பிடித்துக் கிடந்தாலும், கொதிகலன் கணினியை அது தொடக்கூடாது. அறிக்கை வெளியே வரவேண்டும், உள்ளே எதுவும் போகக்கூடாது.

'ஃபயர்வோல் போட்டால் போதாதா' என்று கேட்கலாம். ஃபயர்வோல் ஒரு மென்பொருள். அதில் பிழை இருக்கலாம், விதியை யாராவது தவறாக எழுதலாம். தவிர, டிசிபி வேலை செய்யவேண்டுமானால் பதில் பொதிகளை அது உள்ளே விட்டே ஆகவேண்டும். ஆனால் நம் பக்கத்தில் ஒளியை அனுப்பும் முனை மட்டும் இருந்து, பெறும் முனையே இல்லாத ஓர் ஒளிநாரில் (தரவை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழை) பின்னோக்கி வர எந்த வைரஸாலும் முடியாது. பௌதிகவியல் பாடத்தில் மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பொருளை இருவாயி என்று படித்திருப்பீர்கள். அதே வேலையைத் தரவுக்குச் செய்வதால் இந்த அமைப்பைத் தரவு இருவாயி, அல்லது டேட்டா டயோட், என்கிறார்கள். மின்நிலையங்களும் இராணுவங்களும் பாவிப்பது இதுதான். அவர்கள் சில இடங்களில் திசையை மாற்றி வைப்பார்கள்: தரவு உள்ளே வரலாம், இரகசியம் வெளியே போகக்கூடாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தரவு உள்ளே போகும் திசையில் வைத்தால், கெட்ட கோப்பு உள்ளே போவதை இருவாயி தடுக்காது. உள்ளே போன வைரஸ் வெளியே பேச முடியாது, அவ்வளவுதான்.

கம்பியை ஒருவழி ஆக்குவது

கையால் செய்து பழக நல்லது ஃபைபர், அதாவது ஒளிநார். செப்புக் கம்பிச் சைகையை ஒளியாக மாற்றும் பெட்டி மீடியா கன்வெர்ட்டர். 100 மெகாபிட் மீடியா கன்வெர்ட்டரில் செப்புக் கம்பிக்கு ஒரு துளையும், ஒளிநாருக்கு இரண்டு துளைகளும் இருக்கும். ஒன்று அனுப்ப, மற்றது பெற. அனுப்பும் பக்கக் கன்வெர்ட்டரின் அனுப்பும் துளையிலிருந்து பெறும் பக்கத்தின் பெறும் துளைக்கு ஒரே ஒரு நார். மற்ற நாரை இணைக்காமல் விடவேண்டும். நம் பக்கத்தில் ஐப்பசி இடிமின்னல் காலத்தில் இதில் இன்னொரு இலாபமும் உண்டு. கண்ணாடி நாரில் மின்சாரம் பாயாது, அதனால் ஒரு கட்டடத்தில் இறங்கிய மின்னல் அந்த வழியால் மற்றக் கட்டடத்துக் கணினிக்குப் போகாது.

வாங்கும்போது கவனம். கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஒரே ஒரு நார்த்துளை உள்ள கன்வெர்ட்டர்களும் இருக்கும். 'ஒரு நார்தானே, அப்ப ஒருவழி' என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள். அது ஒரே நாரில் இரண்டு அலைநீளங்களை எதிரெதிர்த் திசையில் ஓடவிடுகிறது, முழுமையான இருவழி. உங்களுக்கு வேண்டியது இரண்டு துளை உள்ளது.

கிகாபிட் கன்வெர்ட்டரும் முதல் முயற்சிக்கு வேண்டாம். கிகாபிட் ஃபைபரில் இரண்டு முனைகளும் தொடக்கத்தில் தங்களுக்குள் பேசி இணங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதை நிறுத்த வழியில்லாத சாதனமானால் இணைப்பு எழும்பவே எழும்பாது. 100 மெகாபிட் ஃபைபரில் அந்தப் பேச்சு இல்லை.

இப்படிப் பூட்டியதும் பலர் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. பெறும் பக்கத்தில் விளக்கு எரியும், அனுப்பும் பக்கத்தில் எரியாது. காரணம், அனுப்பும் கன்வெர்ட்டர் தன் பெறும் துளையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிறது. இருட்டாக இருந்தால் 'எதிரில் ஆள் இல்லை' என்று முடிவெடுத்து இணைப்பை இறக்கிவிடும். இதற்குக் கைவைத்தியம் மூன்றாவது கன்வெர்ட்டர். எந்தக் கணினியிலும் பூட்டாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து, அதன் அனுப்பும் துளையிலிருந்து முதலாவதன் பெறும் துளைக்கு ஒரு நார் விடுங்கள். அது வெற்று வெளிச்சத்தை ஊட்டும், முதலாவது சமாதானமாகிவிடும். பெறும் கணினிக்கும் இந்த மூன்றாவதற்கும் தொடர்பே இல்லை என்பதால் ஒருவழித்தன்மை கெடாது. மூன்றும் ஒரே மாதிரியாக, ஒரே அலைநீளமாக இருக்கட்டும். சில மாதிரிகளில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தையும் இறக்கிவிடும் வசதியும், தன் பக்கம் இருட்டு என்று எதிர்முனைக்குப் பழுதுச் சைகை அனுப்பும் வசதியும் இருக்கும். இருவழியில் நல்லவை, இங்கே தொல்லை. பெட்டியின் பக்கத்தில் உள்ள சிறு ஆளிகளால் அவற்றை நிறுத்த முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 80 கிலோமீற்றர் தூரத்துக்குச் செய்ததை 2 மீற்றர் நாரில் பூட்டினால் ஒளி மிஞ்சிப்போய்ப் பெறும் முனை திணறும். நார் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுடும்.

செப்புக் கம்பியில் முயல்பவர்கள் 1, 2 இலக்க இழைகளை விட்டு 3, 6 இலக்க இழைகளை வெட்டிப் பார்ப்பார்கள். அதே காரணத்தால் இணைப்பு எழும்பாது. கிகாபிட்டில் நான்கு சோடிகளும் இருபக்கமும் பேசுவதால் அங்கே வெட்டுவதில் அர்த்தமே இல்லை.

அறிக்கை சின்னதென்றால் பழைய சீரியல் கம்பி போதும். ஒன்பது ஊசி இணைப்பியில் அனுப்பும் பக்கத்து 3ஆம் ஊசியைப் பெறும் பக்கத்து 2ஆம் ஊசிக்கும், 5ஐ 5க்கும் இணையுங்கள். வேறெதையும் தொடவேண்டாம். வேகம் 115200 என்று வைத்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் 10 பிட் செலவு, ஆக செக்கனுக்கு 11,520 பைட். ஒரு மெகாபைட் போக 91 செக்கன். மெதுவென்று தோன்றும், ஆனால் நாள் முழுக்க ஓடினால் 949 மெகாபைட். மணித்தியால அறிக்கைக்கு அது ஏராளம். வேகக் கட்டுப்பாடு என்ற அமைப்பை இரண்டு பக்கமும் நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் அனுப்பும் கணினி வராத அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும்.

முதல் பொதியே போகவில்லை, ஏன்?

கம்பி சரி. டிசிபியை விட்டு யூடிபிக்கு மாறுகிறோம். 1980இல் வரையறுக்கப்பட்ட யூடிபி மிக எளிய நெறிமுறை. 8 பைட் தலைப்பை (பொதியின் முன்னால் வரும் விபரக் குறிப்பை) ஒட்டிப் பொதியை எறிந்துவிடும், போனதா வந்ததா என்று கேட்காது. நமக்கு அதுதான் வேண்டும். ஆனால் எழுதி ஓடவிட்டால் மறுபக்கம் ஒன்றும் வராது.

அனுப்பும் கணினியிலேயே, போகும் வரும் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். யூடிபி பொதி ஒன்றுகூட இராது. '10.0.0.2 யாரிடம் இருக்கிறது?' என்று, பெறும் கணினியின் ஐபி முகவரியைத் தேடும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஈதர்நெட் என்ற இந்தக் கம்பி வலையமைப்பில் பொதி போக ஐபி முகவரி மட்டும் போதாது, எதிர்க் கணினியின் வலையமைப்புக் கார்ட்டில் பதிந்திருக்கும் மேக் முகவரியும் வேண்டும். அதைக் கேட்பது ஏஆர்பி என்ற வேறொரு நெறிமுறை. கேள்வி போய்ச் சேர்கிறது, பதில் திரும்ப வழியில்லை. அதனால் பொதிகள் வாசலைத் தாண்டுவதே இல்லை. பெறும் கார்ட்டின் மேக் முகவரியை எழுதிவந்து, அனுப்பும் கணினியில் நிரந்தரப் பதிவாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கணினியை மீளத் தொடக்கும்போது அந்தப் பதிவு அழிந்துவிடாதபடி தொடக்கக் கோப்பில் எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து பெறும் பக்கத்துக் கார்ட் பழுதாகிப் புதிது போடும்போது இந்த மேக் முகவரி மாறவேண்டும் என்பதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பெட்டியின் மேல் ஒட்டி வைப்பது நல்லது.

ஐபி முகவரியைத் தானாகப் பெறும் டிஎச்சிபியும் இங்கே இல்லை, இரண்டு பக்கமும் கையால்தான் கொடுக்கவேண்டும். இரண்டும் ஒரே துணை வலையமைப்பில் இருக்கட்டும். அப்படி இல்லாவிட்டால் 'இந்த முகவரிக்குத் திரும்பிப் போக இந்த வழி இல்லையே' என்று லினக்ஸ் இயங்குதளம் சந்தேகப்பட்டுப் பொதியைச் சத்தமில்லாமல் வீசிவிடலாம். பெறும் பக்கத்து ஃபயர்வோலிலும் நம் நிரல் கேட்டிருக்கும் வாசல் எண்ணை, அதாவது போர்ட்டை, திறந்திருக்க வேண்டும்.

பொதி கட்டுதல்

ஈதர்நெட் சட்டம் (ஃபிரேம், கம்பியில் ஒரு தடவை போகும் பொட்டலம்) ஒன்றில் 1500 பைட் போகும். ஐபி தலைப்புக்கு 20, யூடிபிக்கு 8 கழித்தால் மிச்சம் 1472. அதற்கு மேல் போனால் ஐபி அதை உடைத்து அனுப்பும், ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பொதியும் போச்சு. ஆகவே 1400 பைட் தரவு, அதற்கு முன் நம்முடைய சொந்தத் தலைப்பு 16 பைட் என்று வைப்போம். தலைப்பில் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட்: இது எத்தனையாவது கோப்பு, இது எத்தனையாவது பொதி, மொத்தம் எத்தனை பொதி, தரவு பழுதானதா என்று கண்டுபிடிக்க அதிலிருந்தே கணித்த சரிபார்ப்பு எண்.

'மொத்தம் எத்தனை' என்பதை முதற் பொதியில் மட்டும் சொன்னால் போதாதா? போதாது. அந்த ஒரு பொதி தொலைந்தால் மற்ற எல்லாம் அநாதை. பெறும் கணினி பாதியில் எழும்பினாலும், கையில் கிடைக்கும் எந்தப் பொதியையும் பார்த்து நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவழியில் ஒவ்வொரு பொதியும் தன் கதையைத் தானே சொல்லவேண்டும். பெறுபவர் என்னென்ன கேட்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கெல்லாம் பதிலைக் கட்டி அனுப்புவதுதான் இங்கே அனுப்புபவரின் வேலை.

100 மெகாபைட் கோப்பு ஒன்றை இப்படி வெட்டினால் 74,899 பொதிகள். பெறும் கணினி அவற்றை வரிசையாக எதிர்பார்க்க வேண்டியதில்லை. 500ஆம் பொதி என்றால் கோப்பில் 500 × 1400 என்ற இடத்துக்குப் போய் எழுதிவிட்டு, வந்தது வராதது என்ற பட்டியலில் ஒரு பிட்டை மாற்றினால் போதும். அந்தப் பட்டியல் மொத்தமே 9 கிலோபைட்தான்.

வேகம்தான் முதல் எதிரி

நல்ல நாரில் வழியில் பொதி தொலைவது மிக அபூர்வம். தொலைவது பெறும் கணினிக்கு உள்ளேதான். கார்ட் பொதியை வாங்கி இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் கொடுக்கிறது, கேர்னல் அதை பஃபர் என்ற தற்காலிகத் தொட்டியில் வைக்கிறது, நம் நிரல் வந்து எடுக்கிறது. நிரல் ஒரு கணம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப் போய்த் தாமதித்தால் பஃபர் நிரம்பும், அதற்கு மேல் வருவது கீழே கொட்டும். லினக்ஸில் வழக்கமான பஃபர் அளவு 212,992 பைட். நம் பொதிக் கணக்கில் 150 பொதிதான், கேர்னல் தன் கணக்குவழக்குச் செலவையும் அதிலேயே பிடிப்பதால் உண்மையில் இன்னும் குறைவு. கிகாபிட் வேகத்தில் வந்தால் இது 2 மில்லிசெக்கனுக்குள் நிரம்பிவிடும். செக்கனுக்கு 20 மெகாபிட் என்று குறைத்தால் 80 மில்லிசெக்கனுக்கு மேல் தாங்கும்.

அதனால் முதலில் பஃபரைச் சில பத்து மெகாபைட்டாகப் பெருப்பியுங்கள். நிரலை இரண்டாகப் பிரியுங்கள், ஒரு பகுதி பொதியை எடுத்து நினைவகத்தில் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்யக்கூடாது, டிஸ்க்கில் எழுதுவது மற்றப் பகுதி. பிறகு அனுப்பும் பக்கம் பொதிக்குப் பொதி இடைவெளி விடுங்கள். 20 மெகாபிட்டில் ஒரு பொதி கம்பியில் எடுக்கும் மொத்த இடம் 1482 பைட், ஆக ஒரு பொதிக்கு 0.59 மில்லிசெக்கன். நூறு பொதியை ஒரே மூச்சில் எறிந்துவிட்டு 59 மில்லிசெக்கன் தூங்கினாலும் சராசரி அதேதான், ஆனால் அந்த நூறும் ஒன்றாக வந்து மோதும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

லினக்ஸில் யூடிபி புள்ளிவிபரத்தைக் கேட்டால், பஃபர் நிரம்பியதால் வீசிய பொதி எத்தனை என்று தனியே காட்டும். பொதி தொலைவதற்குக் காரணம் தேட முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான். அந்த எண் ஏறிக்கொண்டிருக்கும்போது கன்வெர்ட்டரை மாற்றுவதில் பயனில்லை.

தொலைவதற்கு முன்பே மருந்து

பத்தாயிரத்துக்கு ஒரு பொதிதான் தொலைகிறது என்று வைப்போம். நல்ல கம்பி என்றுதான் தோன்றும். ஆனால் 74,899 பொதியில் சராசரியாக ஏழெட்டு போய்விடும். ஒன்றும் தொலையாமல் முழுக்கோப்பும் வர வாய்ப்பு ஏறக்குறைய 1,800 முயற்சிக்கு ஒரு தடவை.

இப்போது ஓட்டோவின் முறை. முழுக்கோப்பையும் இரண்டாம் சுற்று அனுப்புங்கள். தொலைவுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒரே பொதி இரண்டு சுற்றிலும் தொலைவது பத்துக் கோடிக்கு ஒன்று. கோப்பு நிறையாமல் போவது 1,300 தடவைக்கு ஒன்றாகக் குறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பொதியையும் அடுத்தடுத்து இரண்டு தரம் அனுப்பாதீர்கள். தொலைவு கொத்தாக வரும், பஃபர் நிரம்பிய அந்தக் கணத்தில் இரண்டு பிரதியும் சேர்ந்தே போகும். முழுச்சுற்று முடித்துத்தான் அடுத்த சுற்று.

இரண்டு மடங்கு நேரம் செலவழிக்க மனமில்லாவிட்டால் கணிதம் கை கொடுக்கும். மூன்று பொதிகளில் 5, 9, 3 என்ற எண்கள் இருக்கின்றன. நான்காவதாக அவற்றின் கூட்டுத்தொகை 17ஐயும் அனுப்புங்கள். 9 தொலைந்தால் 17இலிருந்து 5ஐயும் 3ஐயும் கழித்து மீட்டுக்கொள்ளலாம். எது தொலைந்தாலும் இதேதான். கணினி கூட்டுத்தொகைக்குப் பதில் எக்ஸ்ஓஆர் செய்யும், அதாவது ஒவ்வொரு இடத்திலும் 1களின் எண்ணிக்கை ஒற்றையானால் 1, இரட்டையானால் 0: 0101, 1001, 0011 மூன்றும் சேர்ந்து 1111. நடுவில் உள்ளது தொலைந்தால் மிச்சத்தை மறுபடி எக்ஸ்ஓஆர் செய்ய 1001 வந்து நிற்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை, எது தொலைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஈதர்நெட்டில் அது நமக்குச் சாதகம். பழுதான சட்டத்தைக் கார்ட்டே சரிபார்த்து வீசிவிடும், நம்மிடம் வருவது நல்ல பொதி அல்லது வெறுமை. வரிசை எண் விட்ட இடத்தில் எது இல்லை என்று தெரிந்துவிடும். சீரியல் கம்பி அப்படியல்ல, கெட்ட பைட்டை நல்லது போலவே கொண்டுவந்து கொடுக்கும். அங்கே நாம் போட்ட சரிபார்ப்பு எண்தான் காவல்.

ஒரு கூட்டுப்பொதி ஒரு தொலைவை மட்டும் தாங்கும். பலதைத் தாங்க இர்விங் ரீட், குஸ்டாவ் சொலமன் இருவரும் 1960இல் தந்த முறை இன்றும் ஓடுகிறது. 100 தரவுப் பொதிக்கு 20 மீட்புப் பொதி சேர்த்தால், அந்த 120இல் எந்த 100 வந்தாலும் கோப்பு முழுமை. செலவு 20 சதவீதம். 100 மெகாபைட் கோப்பு 20 மெகாபிட்டில் வெறுமனே போனால் 44 செக்கன், மீட்புப் பொதியுடன் 53 செக்கன். அடுத்த தலைமுறைதான் ஊற்றுக் குறியீடுகள். அதில் மீட்புப் பொதிகளுக்கு எல்லையே இல்லாதது போல ஊறிக்கொண்டே இருக்கும், பெறுபவர் வாளியை நிரப்பியதும் எழுந்து போகலாம், எந்தத் துளி விழுந்தது என்பது பொருட்டல்ல. 2011இல் தரமாக்கப்பட்ட ராப்டர்கியூ இந்த வகை.

கொத்துத் தொலைவு இங்கேயும் கடிக்கும். அந்த 120 பொதியை ஒரு கட்டு என்போம். ஒரு கட்டில் 20 வரை தொலையலாம், ஆனால் 60 பொதி தொடர்ந்து போனால் அந்தக் கட்டு செத்தது. அதற்குப் பொதிகளைக் கலந்து அனுப்புவது வழி. 16 கட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் முதற் பொதியையும் அனுப்பி, பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை அனுப்புங்கள். தொடர்ச்சியாக 60 போனாலும் ஒரு கட்டுக்கு நாலுக்கு மேல் போகாது. 320 வரை தாங்கும், 20 மெகாபிட்டில் அது 0.19 செக்கன் இடைவெளி. மின்சாரம் வெட்டிவந்து பெறும் கணினி இரண்டு நிமிடம் கழித்து எழும்பினால் இந்தக் கணிதம் எதுவும் உதவாது, திரும்ப ஓட்டோதான். ஆகவே எங்கள் பரிந்துரை இரண்டையும் சேர்ப்பது: மீட்புப் பொதியுடன் ஒரு சுற்று, சில நிமிடம் விட்டு இன்னொரு சுற்று.

பெறும் பக்கம்

வந்துகொண்டிருக்கும் கோப்பை தற்காலிகப் பெயரில் வையுங்கள். எல்லாம் சேர்ந்து, அனுப்பியவர் தந்த எஸ்எச்ஏ-256 சுருக்கத்துடன் (முழுக்கோப்பிலிருந்தும் கணிக்கும் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போன பிறகுதான் உண்மைப் பெயர். இல்லாவிட்டால் பாதி அறிக்கையை முழு அறிக்கை என்று யாராவது திறந்து கணக்குப் பார்த்துவிடுவார்கள்.

தலைப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. 'மொத்தம் எத்தனை' என்ற 4 பைட் எண் பழுதாகி உச்சத்துக்குப் போனால், பெறும் நிரல் 6 டெராபைட்டுக்கு இடம் ஒதுக்கப் பார்க்கும். ஓர் உச்சவரம்பு வைத்து அதற்கு மேல் உள்ளதை வீசுங்கள்.

தமிழில் பெயர் வைக்கும் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. யூனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், 'கோப்பு' என்ற சின்னச் சொல்லே 18 பைட் தின்னும். விண்டோஸ் மகிழ்ச்சியாக ஏற்ற நீண்ட தமிழ்ப் பெயரை லினக்ஸ் எழுத மறுக்கும், அனுப்புபவருக்கு அது தெரியவே வராது. போதாததற்கு 'தொகுப்பு' என்பதன் 'தொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு பெயர். கம்பியில் கோப்பை எண்ணால் அழைத்து, தமிழ்ப் பெயரை உள்ளே ஒரு தரவாக மட்டும் அனுப்பினால் இரண்டு வில்லங்கமும் இல்லை.

அமைதிக்கும் அர்த்தம் கொடுக்கவேண்டும். ஒரு மணித்தியாலமாக ஒன்றும் வரவில்லை என்றால், அனுப்ப ஒன்றும் இல்லையா, நாரை எலி கடித்துவிட்டதா? பெறுபவருக்கு வித்தியாசம் தெரியாது. அனுப்பும் நிரல் '0 பிழை' என்றே எழுதும், ஏனெனில் அதற்கு 'அனுப்பியாச்சு' என்பது 'கார்ட்டிடம் கொடுத்தாச்சு' என்பதுதான். பத்துச் செக்கனுக்கு ஒரு முறை 'உயிரோடு இருக்கிறேன், கடைசியாக அனுப்பிய கோப்பு 41' என்று ஒரு சிறு பொதி விடுங்கள். அரை நிமிடம் அது வராவிட்டால் பெறும் பக்கம் விளக்கோ மணியோ அடிக்கட்டும். கையில் இருப்பது 39உம் 41உம் என்றால், ஒரு மனிதர் தொலைபேசி எடுத்து '40ஐ இன்னொருக்கா விடுங்கோ தம்பி' என்று சொல்லட்டும். ஒருவழி அமைப்பில் மனிதர்தான் திரும்பும் கம்பி.

கடிகாரத்தை மறக்கவேண்டாம். நேரத்தைச் சரிசெய்யும் சேவையும் கேள்வி-பதில்தான், இங்கே ஓடாது. கணினிக் கடிகாரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு செக்கன் ஓடிப்போவது சாதாரணம். அந்த உயிர்ப் பொதியிலேயே நேரத்தையும் சேர்த்தால் போதும்.

செய்து பார்ப்பவர்களுக்கு

எல்லாவற்றையும் தானே எழுத வேண்டியதில்லை. யூடிபிகாஸ்ட் என்ற இலவசக் கருவி பதில் எதிர்பாராத முறையிலும் ஓடும். அந்த முறையைத் தெரிவு செய்து, உச்ச வேகத்தையும் மீட்புப் பொதி அளவையும் நீங்களே கொடுக்கவேண்டும், சும்மா ஓடவிட்டால் அதுவும் பெறுபவரின் குரலுக்காகக் காத்திருக்கும். யூடிபி என்ற பெயரைப் பார்த்து மட்டும் எதையும் நம்பிவிடாதீர்கள். டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை யூடிபியில்தான் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புதல் கேட்கும். இணையத்தளங்களுக்குப் பயன்படும் 'குவிக்' (QUIC) என்ற நெறிமுறையும் யூடிபியில்தான், அதற்கும் கைகுலுக்கல் உண்டு. இரண்டும் இங்கே உதவா.

கன்வெர்ட்டர் வாங்கவே காசில்லாத பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைக் காட்ட ஒரு திரையும் ஒரு கெமராவும் போதும். கோப்பை ஆயிரம் பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வரிசை எண்ணுடன் கியூஆர் படமாக்கி, செக்கனுக்கு ஐந்து படம் வீதம் திரையில் சுழலவிடுங்கள். எதிரில் கெமரா வாசிக்கட்டும். 200 கிலோபைட் கோப்பு ஒரு சுற்றுக்கு 40 செக்கன். கெமரா சில படங்களைத் தவறவிடும், இரண்டாம் சுற்றில் அந்த எண்கள் மட்டும் நிரம்புவதைத் திரையில் எண்ணிக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கிவிடும்.

உண்மை நாரில் அமைத்து முடித்தவர்கள் ஒரு சோதனை செய்யாமல் வேலைக்கு விடவேண்டாம். பெரிய கோப்பு ஒன்று பாதி போயிருக்கும்போது நாரைப் பிடுங்கி மூன்று செக்கன் கையில் வைத்திருந்து திரும்பப் பூட்டுங்கள். அனுப்பும் பக்கம் ஒன்றும் நடக்காதது போல முடிந்துவிட்டது என்று சொல்லும். பெறும் பக்கம் 'முழுமையில்லை, இத்தனை பொதி குறைவு' என்று எண்ணிக்கையோடு சொல்லவேண்டும், உண்மைப் பெயரில் கோப்பு தோன்றியிருக்கக்கூடாது. அடுத்த சுற்று வந்ததும் குறை எண்ணிக்கை பூச்சியத்துக்கு இறங்கி, சுருக்கம் ஒத்துப்போய், பெயர் மாறவேண்டும். இதில் எது பிசகினாலும் கம்பியைக் குற்றம் சொல்லாமல் நிரலைத் திறந்து பாருங்கள்.